மாசானம் கட்டி முடித்த வீடு

எய்யா,

இந்தக் கடிதத்தோடு ஒரு சாவியும் வரும். அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உடனே போனை எடுத்துவிடாதே. முதலில் முழுக்கப் படி. போனில் பேச முடியாததால்தான் எழுதுகிறேன். உன் அப்பாவின் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இடம். நான் என்ன பேசினாலும் அவர் காதில் விழும். வராந்தாவுக்குப் போனால், "யார்ட்ட ரகசியம் பேசுத?" என்று அங்கே இருந்தே கேட்பார். எழுதினால் கேட்க மாட்டார், ஏனென்றால் எழுதச் சொன்னவரே அவர்தான். "போன்ல சொன்னா அவன் சரி சரிம்பான், பொறவு மறந்துருவான். எழுத்துல இருந்தாத்தான் மதிப்பு" என்றார். ஓவர்சியர் வேலை பார்த்த புத்தி இன்னும் போகவில்லை. அவர் எழுதச் சொன்னது ஒன்று, நான் எழுதுகிறது வேறொன்று.

அவர் எழுதச் சொன்னது இது. வீட்டு வேலை எல்லாம் முடிந்துவிட்டது. ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக் குடிபோக வேண்டும். நீ மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு புனேயிலிருந்து இரண்டு நாள் முன்னதாகவே கிளம்ப வேண்டும். நேராக ஆழ்வார்குறிச்சிக்குப் போய், கதவைத் திறந்து, ஜன்னல்களை எல்லாம் திறந்து போட வேண்டும். பெயிண்ட் வாடை அவருக்கு இருமலைக் கிளப்பும். அதற்குத்தான் சாவி. ஆழ்வார்குறிச்சியில் அப்படி ஒரு வீடே இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விற்று மூன்று வருஷம் ஆகிறது. வாங்கியவர் அதை இடித்து, தரையைச் சமன் பண்ணி, பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வருகிற கார்களை நிறுத்த விட்டிருக்கிறார். தெரியாதவர் உன் அப்பா ஒருவர்தான்.

வீட்டில் ஏதோ ரிப்பேர் வேலை நடக்கிறதாக நான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்ற அளவுக்கு உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில், "வேல நடக்குன்னு அம்மா சொன்னாப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, போனை மருமகளிடம் கொடுத்துவிடுவாய். இப்போது அதுவும் இல்லை. மீட்டிங் இருக்கிறது என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங் என்று நான் கேட்டதில்லை. அவரிடம் பொய் சொல்ல உனக்கு நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் என்று சொன்னால் அதுவும் நிஜம்தான். நீ போனை வைத்துவிட்டுப் போய்விடலாம். நான் எங்கே போவேன்?

எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன். அந்தப் பங்குனியில் அவருக்குப் பக்கவாதம் வந்து, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமல் கிடந்தாரே, அப்போது டாக்டர் நம் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வாரமோ பத்து நாளோ என்றார். அதைத் தாண்டினாலும் நினைவு திரும்பாது என்றார். நீ சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து, இனி அம்மா எங்கே இருப்பது என்று பேசினோம். பேட்டையைத் தாண்டி, சேரன்மாதேவி ரோட்டில் வயதானவர்களுக்கென்று கட்டின இந்த இடத்தை உன் சிநேகிதன் சொன்னான். இதற்கு முன்பணம் கட்ட வேண்டுமானால் வீட்டை விற்றாக வேண்டும். நீ தயங்கித் தயங்கித்தான் சொன்னாய். உடனே சரி என்றவள் நான்.

வீடு என் பெயரில் இருந்தது. அதை எழுதி வாங்கின அன்றைக்குப் பத்திர ஆபீஸ் வாசலில் நின்று உன் அப்பா சொன்னார்: "நாளைக்கு நான் இல்லாட்டியும் ஒருத்தனும் ஒன்ன வெளிய போன்னு சொல்லப்படாது, கேட்டியா." அந்தக் காலத்தில் அப்படி நினைக்கிற ஆண்பிள்ளை அபூர்வம். கோர்ட்டில் முப்பது வருஷம் டைப் அடித்தவள் நான். தன் பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லாமல் தெருவுக்கு வந்த எத்தனை பெண்களுடைய மனுவை என் கையால் அடித்திருப்பேன். அப்படி எனக்காக அவர் எழுதி வைத்த உரிமையை வைத்துத்தான் அவர் கண்ணைத் திறக்குமுன் வீட்டை விற்றேன். அவர் கேட்பதற்கு இருக்க மாட்டார் என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்தாய். இதை நாம் இரண்டு பேரும் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனி எதை மறைத்து என்ன. வீட்டை விற்றதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்காக விற்றேன், உனக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று விற்றேன் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். அதெல்லாம் பாதிதான். அந்த வீட்டில் முப்பது வருஷம் காலையில் எழுந்து, நாலு பேருக்குப் பொங்கி வைத்து, ஏழே காலுக்குப் பஸ்ஸைப் பிடித்து கோர்ட்டுக்குப் போய், திரும்பி வந்து மறுபடி அடுக்களைக்குள் நுழைந்தவள் நான். அந்த அடுக்களையில் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. ஊர் மதகுக்கெல்லாம் பலகை மாற்றப் போன மனுஷருக்கு என் அடுக்களைக்கு ஒரு ஜன்னல் வைக்க நேரம் வரவில்லை. இங்கே மணி அடித்தால் சாப்பாடு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சொதி என்று ஒன்று வைக்கிறார்கள், தேங்காய்ப்பாலை எட்ட நின்று காட்டினதுபோல இருக்கும். இருந்தாலும் நான் வைக்க வேண்டியதில்லையே. நினைவில்லாமலே அவரை இங்கே கொண்டுவந்து கிடத்தின முதல் மாதத்திலும் நான் நன்றாகத் தூங்கினேன். அதற்காக என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

டாக்டர் சொன்னது பொய்த்தது. பத்து நாள் போய், மாதம் போய், ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை முத்துலெட்சுமி அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். முத்துலெட்சுமி இங்கே படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவள், ஐம்பது வயதுக்காரி, உனக்குத் தெரியும். அவள் கையைத் தட்டிவிட்டு உன் அப்பா என்னைப் பார்த்துத் தெளிவாகக் கேட்டார்: "வீட்ல யாரு வெளக்கு வைக்கா?" ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் முழு வாக்கியம். வலது பக்கம் வரவில்லை, ஆனால் புத்தி முழுக்க வந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் எனக்குக் கைகால் ஓடவில்லை. இவரிடம் போய் இப்போது இதைச் சொல்வதா என்று நினைத்தேன். "மட்டப்பா ஒழுவுதுங்க. ஆள் விட்டிருக்கு. வேல முடியட்டும், போயிரலாம்" என்றேன். மழை பெய்துகொண்டிருந்ததால் மொட்டைமாடி ஒழுகுகிற கதைதான் வாயில் வந்தது. நாலு நாளைக்குத் தாங்கினால் போதும் என்று சொன்ன பொய் அது.

"கொத்தனார் யாரு?" என்று கேட்டார். எங்கள் கோர்ட்டில் இருந்த பியூன் பெயர் மாசானம். அதைச் சொன்னேன். அன்றைக்குப் பிறந்தவன்தான் இந்த மாசானம். மூன்று வருஷமாக அவனை நான் வளர்த்து வருகிறேன். அவனுக்கு ஒரு பெண்டாட்டி, சமைந்த மகள், வலது முட்டியில் வலி. உன் அப்பாவிடம் வாயைக் கொடுத்து மீள முடியுமா? கால்வாய் வேலையில் கான்ட்ராக்டர்கள் அவரைக் கண்டாலே ஒளிந்துகொள்வார்கள். மாடியில் பதிக்கிற தட்டோடு எத்தனை இஞ்ச், சிமெண்டுக்கு மணல் எத்தனை சட்டி, பூச்சை எத்தனை நாள் தண்ணீர் விட்டு நனைத்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உளறினால் பிடித்துவிடுவார். நாற்பது வருஷம் அவர் சாப்பிடும்போது பேசினதை எல்லாம் கேட்டுக்கொண்டே பரிமாறினவள் ஆனதால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. "ரசமட்டம் வச்சுப் பாத்தானா?" என்பார். "பாத்தான்." "நீ பாத்தியா?" "நானும் பாத்தேன்." அப்படித்தான் மட்டப்பா முடிந்தது. அதோடு நிற்கும் என்று நினைத்தேன். அவர் இடது கையால் எழுதப் பழகினார். கட்டம் போட்ட நோட்டு வாங்கித் தரச் சொன்னார். சக்கர நாற்காலி ஏறுவதற்கு வாசற்படிக்குப் பதில் சரிவு, குளியலறையில் கைப்பிடி, பாப்பா வந்தால் படிக்க மேற்குப் பக்கம் ஒரு அறை. எல்லாவற்றுக்கும் அளவோடு படம். மூன்றாவது படத்தில் என் அடுக்களைக்கு ஜன்னல் வந்துவிட்டது. நாலடிக்கு மூன்றடி. "இப்பவாவது வச்சிருவோம்ட்டி" என்றார். அந்த நோட்டை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

முத்துலெட்சுமிக்கு எல்லாம் தெரியும். காலையில் படுக்கை மாற்ற வரும்போது, "என்னம்மா, மாசானம் இன்னைக்கு வேலைக்கு வந்துட்டானா?" என்று முகத்தைத் திருப்பாமல் கேட்பாள். ஒரு நாள் தனியாகச் சொன்னாள்: "நீங்க வாயால கெட்டுன கெட்டுக்கு எங்க ஊர்ல ஒரு தெருவே கெட்டிருக்கலாம்மா." சிரித்துவிட்டேன். பார்க்க வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் வாசலிலேயே மறித்துச் சொல்லித்தான் உள்ளே அனுப்புவேன். காரில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று அவர் கேட்டபோதெல்லாம், சிமெண்டுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டரே சொல்லிவிட்டதாகச் சொன்னேன். சொல்ல வைத்தேன் என்பதுதான் சரி.

போன தசராவுக்கு முன்னால் எனக்குச் சொல்ல ஒரு வேலையும் மிச்சமில்லை. மாசானம் குலசேகரன்பட்டினத்துக்கு மாலை போட்டிருக்கிறான், காளி வேஷம் கட்டப்போகிறான், விரதத்தில் இருக்கிறான், அதனால் வேலைக்கு வரமாட்டான் என்று சொன்னேன். மற்ற காரணம் எதைச் சொன்னாலும் கொத்தனாரைத் திட்டுகிறவர், இதற்கு வாயைத் திறக்கவில்லை. "வேசம் கெட்டுதவன ஒண்ணும் சொல்லப்படாது" என்று காலண்டரில் நாற்பத்தெட்டு நாளை எண்ணிக் கோடு போட்டார். எனக்கு நாற்பத்தெட்டு நாள் லீவு. அப்போது பார்த்து ஒரு தசரா குழு மேளத்தோடு இங்கே வாசலுக்கு வந்தது. காளி வேஷக்காரர் ஒருவர் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். நாற்காலியில் இருந்தபடியே உன் அப்பா சட்டைப் பையிலிருந்து ரூபாய் நோட்டை எடுத்துப் போட்டுவிட்டு, "ஆழ்வார்குறிச்சில வேல பாக்குற மாசானத்தத் தெரியுமா?" என்று கேட்டார். நான் நாற்காலியைத் திருப்பிவிடக் கை வைத்தேன். அந்த மனிதர் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு, "மாசானமா, தெரியும் அண்ணாச்சி. என்ன சொல்லணும்?" என்றார். நெல்லைச் சீமையில் மாசானத்துக்கா பஞ்சம். "ஓவர்சியர் கேட்டாருன்னு சொல்லு. பைய வேலைய முடிச்சா போதும், அவசரமில்லன்னு சொல்லு" என்றார். மேளம் போகிற வரைக்கும் நானும் மாசானம் எங்கேயோ இருக்கிறான் என்றுதான் நம்பினேன்.

தைக்குப் பிறகு அந்த நிதானம் அவருக்குப் போய்விட்டது. காரணம் பதினாலாம் நம்பர் வீட்டு வாத்தியார். தினமும் இவரோடு உட்கார்ந்து பேப்பர் படிப்பாரே, அவர் ஒரு நாள் மத்தியானம் தவறிப்போனார். இங்கே ஒரு முறை உண்டு. யாராவது போய்விட்டால் மற்றவர்கள் பார்த்து மனசு விடக் கூடாது என்று எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் டீ கொடுப்பார்கள். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் பின்கேட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். நல்ல எண்ணத்தோடு செய்கிறதுதான், குறை சொல்ல மாட்டேன். உன் அப்பா மட்டும் டீக்குப் போகாமல் ஜன்னலோரம் இருந்து பார்த்துவிட்டார். நான் வந்ததும் சொன்னார்: "பொறவாசல் வழியா கொண்டு போறானுவட்டி. ஒரு சங்கு ஊதல. குளிப்பாட்ட ஆத்துல போயி நீர்மால எடுக்க ஒரு ஆளு இல்ல." ஜன்னல் கதவை இடது கையால் இழுத்துச் சாத்தினார். பிறகு, "நான் இங்கன இருந்து போகமாட்டேன். என் வீட்டு முன்வாசல் வழியாத்தான் போவேன். சீக்கிரம் முடிக்கச் சொல்லு" என்றார். அவர் என்னிடம் கல்யாணமான நாள் முதல் இதைக் கொடு, அதைச் செய் என்று அதிகாரம் பண்ணியிருக்கிறார். எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்டார்.

மாசியில் ஒரு நாள் பட்டாசல் கூடத்தில் இருக்கிற உத்திரத்தின் நீளத்தை அளந்து வரச் சொல்லி என் கையில் டேப்பைக் கொடுத்தார். மின்விசிறி மாட்ட வேண்டுமாம். பேட்டையில் பஸ் ஏறி, அம்பாசமுத்திரத்தில் மாறி, ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. பாதி வழியில் இறங்கி ஒரு காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அந்த இடத்தில் வெள்ளை வண்ணத்தில் கார்களுக்குக் கட்டம் போட்டிருந்தார்கள். கிணற்றின்மேல் ஒரு கான்கிரீட் பலகை கிடந்தது, அது ஒன்றுதான் அடையாளம். கையில் டேப்போடு நின்றேன். மண்டபத்து வாட்ச்மேன் வந்து, "என்னம்மா அளக்கிய? இடம் பாக்க வந்தியளா?" என்று கேட்டார். "இல்லய்யா, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். வந்ததும் அவர் கேட்டார். "பன்னெண்டே முக்கால் அடி" என்றேன். அவர் வாயாலேயே எத்தனையோ தடவை கேட்ட அளவு. "நான் சொன்னேம்லா" என்று முகமெல்லாம் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் பார்க்க நான் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது பார்.

இப்போது அவருக்கு முடியவில்லை. உன்னிடம் போனில் சொன்னதைவிட அதிகம் முடியவில்லை. ஆடி பிறந்ததிலிருந்து கால் வீங்கிக் கிடக்கிறது. நெஞ்சில் நீர் சேருகிறது என்று டாக்டர் சொல்கிறார். மகனுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள் என்று போன வாரம் சொன்னார். உன் அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "மாசானத்துக்குக் கடசிக் கூலியக் குடுத்து அனுப்பிரு. மிச்சத்த நான் இருந்து பாத்துக்கிடுதேன்" என்று அவரே வேலையை முடித்துவிட்டார். ஆடியில் பால் காய்ச்சக் கூடாதே என்றேன். அது ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருந்தது. ஒத்துக்கொண்டார். ஆடி முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

நேற்று மத்தியானம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். முத்துலெட்சுமியை வெளியே நிற்கச் சொன்னேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, அந்த வீடு" என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "என்ன, இடிஞ்சி விழுந்துட்டா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்தது இருமலில் போய் முடிந்தது. முதுகைத் தடவிக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, மூச்சு நிதானத்துக்கு வந்தபிறகு, "இல்ல, பெயிண்ட் இன்னும் காயல" என்றேன். வாசலில் நின்ற முத்துலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குத் தைரியம் இல்லை என்றுதான் வைத்துக்கொள். பெரிய பெரிய வக்கீல்கள் முன்னால் நிமிர்ந்து நின்றவள் நான், இந்த ஒரு மனுஷர் முன்னால் என்னால் ஆகவில்லை. சொன்னால், அவர் எனக்காக எழுதி வைத்ததை நானே விற்றேன் என்று தெரிந்துகொண்டு சாவார். சொல்லாவிட்டால், கூட்டிக்கொண்டு போகாமல் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சாவார். இரண்டில் எது கொஞ்சம் நல்லது என்று நீ படித்த படிப்பில் ஏதாவது இருந்தால் சொல்லு.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. ஆனாலும் பெற்றவள், சொல்லாமல் இருக்க முடியாது. மருமகளிடம் எதையும் அப்போதைக்கு என்று சொல்லி மறைக்காதே. ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்குத் தினமும் தீனி போட்டாக வேண்டும். பிறகு, அவள் அடுக்களைக்கு ஜன்னல் கேட்டால் அந்த மாதமே வைத்துக் கொடு. எழுபது வயதில் நோட்டில் வரைந்து கொடுத்தால் அதை வைத்து அவள் என்ன செய்வாள். என் விஷயத்தையும் புத்தி தெளிவாக இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்வாசலும் வேண்டாம், சங்கும் வேண்டாம். என்னை இங்கே இருந்தே, பின்கேட் வழியாகவே கொண்டு போ. எல்லோருக்கும் டீ கொடுத்துவிடச் சொல். எனக்காக நீ ஒரு வீட்டைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் அவருக்கு அப்படி இல்லை. மண்டபத்துக்காரரிடம் கேட்டு, அந்தக் கார் நிறுத்துகிற இடத்திலாவது ஒரு மணி நேரம் அவரை வைக்க விடுவார்களா என்று யோசித்தேன். அதை எப்படிப் போய்க் கேட்பது, யார் கேட்பது என்று தெரியவில்லை. யோசித்து யோசித்து அதையும் விட்டுவிட்டேன்.

இந்தச் சாவி ஆஸ்பத்திரியில் அவர் சட்டைப் பையில் இருந்தது. வீட்டை வாங்கியவரிடம் என்னிடம் இருந்ததைத்தான் கொடுத்தேன். இது மூன்று வருஷமாக அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இன்று காலையில் எடுத்து, இடது கையால் வேட்டியில் துடைத்து, "இத லெட்டரோட வச்சு அனுப்பு" என்று கொடுத்தார். நான் வாங்கும்போது பிடியை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு விட்டார். தொலைந்துவிடக் கூடாது என்று துணியில் சுற்றச் சொன்னார், துணிக்கு மேலே தாளைச் சுற்றச் சொன்னார். இரண்டையும் அவர் கண்முன்னாலேயே செய்தேன். அவருக்கு முன்னால் உட்கார்ந்துதான் இதையும் எழுதுகிறேன். இத்தனை தாளா என்று கேட்டார். பாப்பாவுக்கும் சேர்த்து எழுதுகிறேன் என்றேன். "எங்க, எழுதுன மட்டும் படி" என்றார். இந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, இதில் இல்லாததை எல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். வீடு பளபளவென்று இருக்கிறதாம், சரிவில் நாற்காலி வழுக்காமல் ஏறுகிறதாம், அடுக்களையில் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நல்லா எழுதிருக்க" என்றார்.

நீ கிளம்பி வா. இதைப் படித்ததும் கிளம்பு, ஆவணிக்குக் காத்திருக்காதே. போனில் எனக்கு வழி சொல்லாதே, போனில் சொல்கிற வழி எதுவும் எனக்கு உதவாது. சாவியை மறக்காமல் கொண்டு வா. நீ உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கப் போகிற முதல் கேள்வி, "கதவத் தொறந்துட்டியாலே?" என்பதுதான். அப்போது நீ அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள், நான் இந்தப் பக்கம் இருப்பேன். என்ன சொல்வதென்று என்னைப் பார்க்காதே. நீ எதைச் சொல்கிறாயோ அதையே நானும் சொல்வேன். உண்மையைச் சொன்னால், விற்றது நான்தான் என்பதை நான் சொல்லிக்கொள்கிறேன். திறந்துவிட்டேன் என்று நீ சொன்னால், ஆமாம், நானும் பார்த்தேன் என்பேன்.

முடிக்கப்போகும்போது அவர் கண்ணைத் திறந்து ஒன்று கேட்டார். "ஏட்டி, மழக்காலத்துல அந்தக் கதவு பிடிக்கும்லா. லேசாத் தூக்கிப் பிடிச்சுத்தான் சாவியத் திருப்பணும்னு எழுதுனியா? அவனுக்கு மறந்திருக்கும். இழுத்து ஒடச்சிரப் போறான்." எழுதிவிட்டேன் என்று சொன்னேன். மூன்று வருஷத்தில் அவரிடம் சொன்ன இந்த ஒன்றாவது பொய்யாக வேண்டாம் என்று தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன். எய்யா, கதவு கொஞ்சம் பிடிக்கும். இடது கையால் கைப்பிடியை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாவியைப் பையத் திருப்பு.

அம்மா